வேப்பமரத்துக்கு மேலே ஒரு பாலம்

பி.காம். படித்தவனை எங்கள் போடிநாயக்கனூரில் மூன்று காரியங்களுக்குத்தான் தேடுவார்கள். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுத. பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் கூட்டல் சரியா என்று பார்க்க. ஜூலை மாதக் கடைசியில் இன்கம்டாக்ஸ் படிவம் நிரப்ப. இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "தம்பி, வைஃபை சரியா வரமாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்களேன்." பற்று வரவு தெரிந்தவனுக்கு வைஃபையும் தெரிந்திருக்கும் என்ற இந்த நம்பிக்கையை நான் கலைப்பதில்லை. போகிற வீட்டிலெல்லாம் காபி கிடைக்கிறது. சில வீடுகளில் முறுக்கும்.

அப்படிப் போகும்போது அடிக்கடி காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. "வீட்ல நெட் இருக்கு. அந்தப் பக்கம் இருக்கிற கட்டடத்துக்கும் அதையே கொண்டுபோக முடியாதா?" ஏலக்காய் கிட்டங்கி வைத்திருப்பவர் கேட்கிறார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டியூஷன் நடத்தும் டீச்சர் கேட்கிறார். தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குக் கேமரா வைக்க ஆசைப்படும் பெரியவர் கேட்கிறார். முடியும் ஸார். வயர்லெஸ் பிரிட்ஜ் என்று பெயர். இரண்டு மொட்டை மாடிகளுக்கு நடுவே காற்றில் ஒரு பாலம். எங்கள் குடும்பத்திலேயே ஒன்று கட்டியிருக்கிறோம். அந்தக் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

என் அத்தைக்கு 74 வயது. எங்கள் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் இடையில் நாலு வீடு, ஒரு முனிசிபல் ரோடு, ஒரு வாய்க்கால். மேப்பில் அளந்து பார்த்தால் 180 மீட்டர். "எங்ககூட வந்து இருங்க" என்று பத்து வருடமாகக் கூப்பிடுகிறோம். "உங்க மாமா ஒவ்வொரு கல்லாப் பாத்து வச்சுக் கட்டுன வீடுய்யா" என்பது பத்து வருடமாக வரும் பதில். மாமா பார்த்துப் பார்த்து வைத்த கல் இரண்டடி கனம். வெயில் உள்ளே வராது. செல்போன் சிக்னலும் வராது.

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, அத்தை பின்கட்டில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கையில் போன் இருந்தது. போனில் சிக்னல் இல்லை. காலையில் பால்காரர் வந்து கதவைத் தட்டும் வரை, கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். 180 மீட்டர் தள்ளி, நாங்கள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தோம்.

சிங்கப்பூரிலிருந்து அத்தை மகள் போன் செய்தாள். (எனக்கு முறைப்பெண். இந்தப் பக்கத்தை என் மனைவியும் படிப்பாள் என்பதால் அத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.) "மச்சான், ஹால்ல ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு, பின்கட்டுல ஒண்ணு, மூணு கேமரா வைங்க. எவ்வளவு ஆனாலும் நான் அனுப்பறேன்." அத்தையிடம் சொன்னேன்.

"எதுக்குய்யா? நான் என்ன பேங்கா?"

கேமரா விவகாரம் கிடக்கட்டும், முதலில் அந்த வீட்டுக்கு இன்டர்நெட் போக வேண்டும் என்று ஆரம்பித்தேன். காரணம் கேமரா அல்ல. வைஃபை காலிங். நிறையப் பேர் போனில் இருந்தும் கவனிக்காத வசதி இது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. டவர் சிக்னல் எட்டாத அறையில்கூட வைஃபை இருந்தால் சாதாரண நம்பரிலேயே பேசலாம். தனி ஆப் வேண்டாம். போன் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், செட்டிங்கில் ஒரு முறை ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அத்தைக்கு எண் 1-ஐ அழுத்திப் பிடித்தால் என் வீடு. அது அந்தப் பின்கட்டிலும் வேலை செய்ய வேண்டும். என் கணக்கில் மொத்தப் பிரச்னையும் அதுதான்.

பிராட்பேண்ட் கம்பெனியில் கேட்டோம். "அந்தத் தெருவுக்கு பாக்ஸ் இல்லை ஸார், ரெண்டு நாள்ல போட்டுருவோம்." அந்த இரண்டு நாள் எந்த மாதத்தின் இரண்டு நாள் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடையில் எக்ஸ்டெண்டர் என்று ஒரு டப்பாவைக் காட்டினார்கள். பிளக்கில் மாட்டினால் போதுமாம். அது ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு. ரோடு தாண்ட அல்ல.

சரி, நேராக ஒரு வயர் இழுத்தால்? கம்ப்யூட்டருக்குப் போடும் லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் நம்பிப் போட முடியாது. அது செம்புக் கம்பி வேறு. ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குச் செம்பைத் தொங்கவிட்டால், பக்கத்தில் இடி விழும் நாளில் இரண்டு வீட்டுப் பெட்டிகளும் ஒன்றாகப் போய்ச் சேரும். கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்டடமும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்து, பள்ளம் தோண்ட உங்களுக்கு உரிமையும் இருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு ஃபைபரைப் புதையுங்கள். அதை மிஞ்சியது எதுவும் இல்லை. எங்களுக்கு நடுவில் முனிசிபல் ரோடு, வாய்க்கால். அனுமதிக்கு அலைந்தால் என் பென்ஷன் வயது வந்துவிடும்.

ஆகவே காற்று.

வீட்டிலுள்ள வைஃபை பெட்டி டியூப்லைட் மாதிரி. எல்லாப் பக்கமும் வெளிச்சம், தூரம் போகாது. பிரிட்ஜ் என்பது டார்ச்லைட். ஒரே திசையில் பாய்ச்சும். எங்கள் மாடியில் ஒரு டார்ச், அத்தை வீட்டில் ஒரு டார்ச், இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். எங்கள் பெட்டிக்கு எங்கள் ரவுட்டரிலிருந்து ஒரு வயர் வருகிறது. அத்தை வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு வயர் உள்ளே இறங்கி அங்கே ஒரு சின்ன ரவுட்டருக்குப் போகிறது. நடுவில் 180 மீட்டர் ஆகாயம். அத்தை வீட்டுப் போனுக்குத் தான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பதே தெரியாது. எங்கள் ஹாலில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும்.

இதைக் கேட்டு "காத்துல எப்படிய்யா வரும், மழை பேஞ்சா நின்னுராதா?" என்று சிரித்தவர்களுக்கு நான் சொல்வது, நம் மாவட்டத்திலேயே நடந்த விஷயம். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ள பார்வை மையங்களையும், 2006 வாக்கில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வைஃபையால் இணைத்தார்கள். சந்தையில் கிடைக்கும் அதே வைஃபை சில்லுதான். ஆனால் இவர்கள் கேட்டது பல கிலோமீட்டர். சாதாரண வைஃபையில், அனுப்பிய தகவலுக்கு 'வந்து சேர்ந்தது' என்று உடனே பதில் வராவிட்டால் 'தொலைந்துவிட்டது' என்று மறுபடி அனுப்பும். தூரம் அதிகமானால் பதில் வரத் தாமதமாகும். அதனால் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். அவர்கள் இந்த அவசரக் குணத்தை மாற்றி, முறை வைத்துப் பேசச் சொல்லிக் கொடுத்தார்கள். கிராமத்து நோயாளி பார்வை மையத்தில் உட்கார்ந்தபடியே, தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசினார். வெனிசுவேலா நாட்டில் எர்மானோ பியட்ரோசெமோலி என்ற பேராசிரியர், 2007-ல், மலைக்கு மலை 382 கிலோமீட்டர் வைஃபை விட்டுக் காட்டினார். நமக்கு 180 மீட்டர். மழைக்கு இந்த தூரம் ஒரு பொருட்டே இல்லை.

மழை அல்ல ஸார், மரம். அதுதான் எதிரி.

எங்கள் இரண்டு மாடிகளுக்கும் நடுவே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டு வேப்பமரம் நிற்கிறது. நான் மரத்தின் உச்சியைத் தாண்டி அத்தை வீட்டு ஓட்டைப் பார்த்துவிட்டு, "தெரியுதே, போதுமே" என்றேன். கேபிள்காரத் தம்பி தலையை ஆட்டினான். ஐ.டி.ஐ. படித்தவன், என்னைவிடப் படித்தவன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

"அண்ணே, கண்ணுக்குத் தெரிஞ்சாப் பத்தாது. இது நூல் பிடிச்ச மாதிரி போகாது. வாழைக்காய் மாதிரி, நடுவுல உப்பிக்கிட்டுப் போகும். அந்த உப்பல் மேலயும் இலை படக்கூடாது."

இந்த வாழைக்காய்க்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். 200 வருடத்துக்கு முன்னால் ஒளியின் போக்கை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் அகஸ்டின் ஃப்ரெனலின் பெயர் அது. எங்கள் 180 மீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுமத்தியில் அந்த உப்பல் சுற்றிலும் சுமார் ஒன்றரை மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்கள் கணக்கு. அதாவது பார்வைக்கோடு மர உச்சிக்கு மேலே ஒரு மீட்டராவது தள்ளிப் போக வேண்டும்.

தம்பி இன்னொன்றும் சொன்னான். இதற்காகவே அவனுக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். அப்போது அளந்து பார்த்து, "அடடா, நல்லாத் தெரியுதே" என்று மாட்டிவிடுகிறவர்கள், சித்திரையில் தளிர்த்து அடர்ந்ததும் "டப்பா போச்சு" என்று கடையில் போய்ச் சண்டை போடுவார்களாம். டப்பா அப்படியேதான் இருக்கும். இலை வந்திருக்கும். இலை என்பது பாதி தண்ணீர், அலையைக் குடித்துவிடும். மழையில் நனைந்த இலை என்றால் இன்னும் அதிகம். மழையில் நெட் நிற்பதாகச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நடுவில் ஒரு மரம் இருக்கும் என்பது அவன் அனுபவம்.

தலைமையாசிரியரிடம் போய் ஒரு கிளையை மட்டும் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். அவர் பேசவில்லை. உள்ளேயிருந்து அந்தம்மா வந்தார். மரத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியைக் காட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற மரம். "ஆத்தா இருக்கிற மரம் தம்பி. வேற வழி பாருங்க."

வேறு வழி மேலேதான் இருந்தது. எங்கள் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு குழாய். அத்தை வீடு ஓட்டு வீடு என்பதால், பின்சுவரோடு சேர்த்து கிளாம்ப் அடித்து, ஓட்டுக்கு மேல் பன்னிரண்டு அடி உயரும்படி ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப். எங்கள் பக்கத்து ஆடிக் காற்று தெரியுமல்லவா? மலைக்கணவாய் வழியாக வந்து காற்றாலைகளையே சுழற்றும் காற்று. டார்ச்சைப் பிடித்த கை ஆடினால் வெளிச்சம் எங்கேயோ போகும். ஆகவே பைப்புக்கு மூன்று பக்கமும் இழுவைக் கம்பி. உயரத்தில் நிற்கும் இரும்பு, இடிக்கு நாமே வைக்கும் அழைப்பிதழ் என்பதால் கீழே குழி தோண்டி எர்த். பெட்டியிலிருந்து இறங்கும் வயர் சுவருக்குள் நுழையும் முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு; மழைத்தண்ணீர் வயர் வழியாக உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இப்படிப்பட்ட காசில்லாத சங்கதிகள்தான் பெட்டியைக் காப்பாற்றுகின்றன.

பெட்டிகளை மாடிக்கு ஏற்றும் முன்னால் இரண்டையும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே வைத்து, ஒன்றோடொன்று பேசுகிறதா, பாஸ்வேர்டு மாற்றியாயிற்றா என்று பார்த்தோம். பன்னிரண்டடி உயரத்தில் ஏணியில் நின்றுகொண்டு பார்க்கிற வேலை அல்ல அது. ரவுட்டர் சங்கதி ஒன்று முக்கியம். வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் கொடுக்கும் வேலையை ரவுட்டர் செய்கிறது. அத்தை வீட்டு ரவுட்டரிலும் அந்த வேலை ஆனில் இருந்தால், ஒரே கல்யாணப் பந்திக்கு இரண்டு பேர் டோக்கன் கொடுத்த கதையாகும். அதை அணைத்துவிட வேண்டும். நம்பர் கொடுப்பது எங்கள் வீட்டு ரவுட்டர் மட்டும்.

அலைவரிசைக்கு லைசென்ஸ் வேண்டாமா என்று வக்கீல் நண்பர் கேட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸை அரசாங்கம் 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை வெளியிடத்துக்கும் சேர்த்து 2018 அக்டோபரிலும் லைசென்ஸிலிருந்து விடுவித்துவிட்டது. சக்திக்கு மட்டும் வரம்பு உண்டு. 2.4-ல் ஊரே கூடிக் கத்துகிறது, 5-ன் நடுப்பகுதியில் ரேடார்களுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும், மேல்பகுதியில் உட்கார்ந்தோம்.

கடைசியில் குறி பார்க்கும் வேலை. அத்தை வீட்டு ஓட்டில் தம்பி. எங்கள் மாடியில் நான், போனில் எண்ணைப் படித்துக்கொண்டு. சிக்னலை மைனஸில் காட்டும். பி.காம். படித்தவனுக்கு இது கடன் பாக்கி. பூஜ்யத்தை நோக்கி வர வர நல்லது. மைனஸ் 78 என்றேன். "இடது பக்கமா?" மைனஸ் 71. "இன்னுமா?" 63. 58. 52. "நிறுத்து, நிறுத்து!" என்று நான் கத்தியது தலைமையாசிரியர் வீட்டுக்குக் கேட்டிருக்கும். 50 பக்கம் என்றால் அருமை. 70-ஐத் தாண்டினால் தலைவலி. எங்கள் பிளான் 100 எம்.பி. வேகம். அத்தை வீட்டில் 90-ஐத் தாண்டி வருகிறது. அத்தைக்கு அதில் மூன்றோ நான்கோ போதும்.

பில்லைப் படிக்காமல் என் கட்டுரை முடியாது. பெட்டி ஜோடி 6,800. வெயில் தாங்கும் கேபிள் 1,200. பைப், கிளாம்ப், வெல்டிங் 2,100. சின்ன ரவுட்டர் 1,100. எர்த் 1,500. இரண்டு மினி யு.பி.எஸ். 2,400. தம்பி கூலி 1,500. ஆக மொத்தம் 16,600 ரூபாய். மாயம் செய்கிற பெட்டிகள் பாதிகூட இல்லை. மிச்சமெல்லாம் இரும்பு, மண், பேட்டரி.

அந்தப் பேட்டரியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள். தேனி இணைப்புகளைப் பல வருடம் நடத்திப் பார்த்த அதே ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் எழுதியது, எதனால் கெட்டுப்போகிறது என்பதைப் பற்றித்தான். அவர்கள் கண்ட பெரிய வில்லன் தூரமோ மழையோ அல்ல. கரண்ட். போவதும் வருவதும், ஏறுவதும் இறங்குவதுமான நம்ம ஊர் கரண்ட். பாலத்துக்கு இரண்டு கால். எந்தப் பக்கம் கரண்ட் போனாலும் பாலம் விழுந்துவிடும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தால் அத்தைக்கு என்ன லாபம்? அத்தை விழுந்தது மழை ராத்திரி. மழை ராத்திரியில்தான் கரண்டும் போகும்.

பைப் நின்ற மறுநாளே தலைமையாசிரியர் வந்தார். "என் மரத்துக்கு மேலதானே போகுது, பாஸ்வேர்டு சொல்லுங்க தம்பி." நியாயமான வாடகைதான். ஆனால் இணைப்பு என் பெயரில். அதில் யார் என்ன செய்தாலும் போலீஸ் முதலில் வந்து கேட்பது என்னிடம். காசு வாங்கிக்கொண்டு பிறத்தியாருக்குக் கொடுப்பதென்றால் அதற்கு லைசென்ஸ் வேண்டும். சும்மா கொடுப்பதைக்கூடக் கம்பெனி ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் தடுத்திருப்பார்கள். உங்களுடைய இன்னொரு கட்டடம் என்றாலும் அந்தப் பொடி எழுத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். அவருக்கு பாஸ்வேர்டு கொடுக்கவில்லை. ஜூலையில் இன்கம்டாக்ஸ் படிவம் இலவசம் என்று ராஜியானோம்.

கேமரா பஞ்சாயத்துக்கு ஒரு மாதம் ஆனது. சிங்கப்பூர் மூன்றிலிருந்து இறங்கவில்லை. அத்தை பூஜ்யத்திலிருந்து ஏறவில்லை. "ராத்திரி நான் எப்படிப் படுத்திருக்கேன்னு அவ அங்கிருந்து பாக்கணுமா? நான் பெத்தவளாய்யா, இல்ல அவ பெத்தவளா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று, வாசல் கதவைப் பார்த்தபடி. அதற்குத் தனி சுவிட்ச். சுவிட்ச் அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில். ராத்திரி ஒன்பது மணிக்கு 'டக்' என்று அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார். போனை மட்டும் பின்கட்டுக்குப் போனாலும் இடுப்பில் செருகிக்கொள்கிறார். இதுவரை ராத்திரியில் இரண்டு முறை அழைத்திருக்கிறார். ஒரு முறை வாய்வு. இன்னொரு முறை, "சும்மாதான்யா, வேலை செய்யுதான்னு பாத்தேன்."

எங்கள் மாடிப் பெட்டியில் நான்கு பச்சை விளக்குகள். அத்தை வீட்டுப் பெட்டி உயிரோடு இருந்தால்தான் அவை எரியும். என் மனைவி துணி காயப்போட மேலே போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். போன வாரம் மத்தியானம் விளக்கு அணைந்திருந்தது. ஈரத் துணியைப் போட்டது போட்டபடி வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஓடியிருக்கிறாள். அத்தை திண்ணையில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸிக்கு இடம் வேண்டுமென்று பிளக்கைப் பிடுங்கியிருந்தார், யு.பி.எஸ். தன் பங்குக்குத் தாக்குப்பிடித்துவிட்டு அடங்கியிருந்தது.

"வந்தது வந்துட்டே" என்றாராம் அத்தை, "அந்தச் சுளகை எடு, மிச்சத்தை நீ புடை."